விரட்டும் கோழி ஒன்று, இறகு பிடுங்கும் கோழி வேறொன்று

உங்கள் கேள்வி இது. ஆறு பெட்டைகள் ஏற்கெனவே இருந்த கொட்டகையில் போன மாதம் இரண்டு விடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள். பெரிய பெட்டை ஒன்று அந்த இரண்டையும் தீவனத் தொட்டிப் பக்கமே அண்ட விடுவதில்லை. இதற்கிடையே பழைய பெட்டைகளில் ஒன்றுக்கு வாலுக்கு மேலே இறகு போய், தோல் சிவந்து தெரிகிறது. விரட்டுகிற பெட்டையைக் கொடுத்துவிட்டால் இரண்டும் தீருமா என்று கேட்கிறீர்கள்.

முதல் சிக்கல் ஓரளவு தீரும். இரண்டாவது தீராது என்றே நினைக்கிறேன். இறகைப் பிடுங்குவது அந்தப் பெட்டையாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. இந்த இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கோழியின் உடம்பில் வேறு வேறு இடத்திலிருந்து கிளம்புகிறவை. ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால் நாளும் போகும், கோழியும் போகும். அதனால் பிரித்துப் பார்ப்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

விரட்டுவது பதவிச் சண்டை. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே இந்தக் கொத்து வரிசையை முறையாக விவரித்து எழுதினார். மேலே இருக்கிற கோழி முதலில் தின்னும், நல்ல இடத்தில் அடையும், கீழே இருப்பது வழிவிடும். வரிசை ஒருமுறை நிலைத்துவிட்டால் சண்டை குறைந்துவிடும். ஒரு முறைப்பு, தலையை ஒரு வெட்டு, அவ்வளவில் முடியும். புதுக்கோழி வரும்போதும், பழையது சாகும்போதும், நோயில் தனியாக இருந்தது திரும்பும்போதும் வரிசை கலைகிறது. அப்போது மறுபடி அடிதடி. இந்த அடி தலையில் விழும். கொண்டை, தாடி, பின்கழுத்து, இவைதான் குறி. சத்தம் இருக்கும், சிறகடிப்பு இருக்கும். தோற்றது தலையைத் தாழ்த்தி விலகிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.

இறகு பிடுங்குவதில் கோபமே கிடையாது. சாயங்காலம் கோழிகள் அடைய வரும் நேரத்தில் கொட்டகைக்குள் ஓரமாக அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கோழி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். தரையில் கிடக்கும் தானியத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் அதன் முதுகைப் பார்க்கும். மெதுவாக ஓர் இறகை அலகில் பிடிக்கும். ஒரு வெடுக்கு. பிடுங்கிய இறகை அலகில் திருப்பித் திருப்பி விழுங்கிவிடும். பறிகொடுத்தது லேசாக முனகும், சிலது எழுந்துகூடப் போகாது. இந்த வேலையைச் செய்வது வரிசையில் முதலில் இருக்கும் கோழியாகவும் இருக்கலாம், எவரும் சந்தேகப்படாத நடுத்தரக் கோழியாகவும் இருக்கலாம். முதுகு, வாலின் அடி, பின்துவாரத்தைச் சுற்றிய இடம் இவைதான் அதன் குறி. உங்கள் கோழிக்கு இறகு போயிருக்கும் இடமும் இதுதான்.

இது எங்கிருந்து வருகிறது? தரையில் இரை தேடும் கொத்துதான் இடம் மாறி இறகின் மேல் விழுகிறது. கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி பகலில் பாதிக்கு மேல் தரையைச் சீய்ப்பதிலும் கொத்துவதிலுமே கழிக்கும். நம் கோழிக்கும் அதே அலகு, அதே தேவை. தொட்டியில் தீவனம் தயாராக இருக்கிறது, வயிறு கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடுகிறது, தரை மொட்டையாக இருக்கிறது என்றால் மீதிப் பகலுக்கு அலகு எதைக் கொத்தும்? எதிரே இருப்பது இன்னொரு கோழியின் வால். வயிறு நிறைந்தாலும் அலகுக்கு வேலை வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு செய்ய வேண்டியவை தாமாகவே புரிந்துவிடும்.

எதையும் தொடங்கும் முன் அந்தக் கோழியை மடியில் வைத்து, இறகு போன இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எல்லா வழுக்கையும் பிடுங்கியதால் வந்ததல்ல. வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் பகல் பொழுது குறையத் தொடங்கும் பருவத்தில், கோழி தானே இறகு உதிர்க்கும். அது தலையிலும் கழுத்திலும் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகும். கொட்டகைத் தரையெல்லாம் இறகாகக் கிடக்கும், தோலில் ஊசி ஊசியாகப் புது முளைகள் தெரியும். பிடுங்கும் கூட்டத்தில் உடம்பு மொட்டையாக இருந்தும் தரையில் இறகு அதிகம் கிடக்காது, தின்றுவிடுகின்றன அல்லவா? மேல் பாதி ஒடிந்து தண்டு மட்டும் தோலில் குத்திட்டு நிற்பதும் வெளியிலிருந்து சேதம் வருவதற்கு அடையாளம். முதுகின் நடுவிலும் தலையின் பின்புறத்திலும் மட்டும் இறகு தேய்ந்திருந்தால் சேவலைச் சந்தேகப்படுங்கள். இணைசேர மிதிக்கும்போது நகம் முதுகில் பதியும், அலகால் பின்தலை இறகைப் பற்றிக்கொள்ளும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கைவிடப் பெட்டைகள் குறைவாக இருந்தால், சேவலுக்குப் பிடித்த ஒன்றிரண்டு பெட்டைகள் இப்படித்தான் மொட்டையாகும். சேவல் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை, அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

பின்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை பேனின் முட்டைகள். இறகு அழுக்கேறிக் கறுத்து, நுண்ணிய புள்ளிகள் ஊர்ந்தால் அது செல் எனும் ரத்தம் குடிக்கும் நுண்பூச்சி. இன்னொரு வகைச் செல் பகலில் கோழியின் மேல் இருக்காது. இரவு டார்ச்சோடு போய், கோழிகள் அடையும் கம்பின் அடிப்பக்கத்தையும் மர இடுக்குகளையும் பாருங்கள். வெள்ளைத் துணியையோ தாளையோ கம்பின் அடியில் தேய்த்தெடுத்தால் சிவப்புக் கறை படியும், அது குடித்த ரத்தம். அரிப்பெடுத்த கோழி தன் இறகைத் தானே கோதிக் கெடுக்கும், எரிச்சலில் பக்கத்துக் கோழியையும் கொத்தும். பூச்சி இருக்கும்போது வேறு எதைச் செய்தாலும் பலன் நிற்காது. மருந்து எது, எவ்வளவு, முட்டையை எத்தனை நாள் தின்னக்கூடாது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக்குப் போடும் மருந்தைக் கொட்டகையின் இடுக்குகளுக்குப் போட வேண்டியதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் தடவைக்குத் தப்பிய பூச்சி முட்டைகள் பொரிந்து வரும் என்பதால் இரண்டாம் தடவையும் தேவைப்படும்.

தோல் சிவந்திருக்கிறது என்றீர்கள். ரத்தம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் கோழியை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும், சிவப்பு அதைச் சுண்டி இழுக்கும். ஒரு கோழி ரத்தத்தைக் கொத்தினால் மற்றவையும் ஓடிவரும். சில மணி நேரத்தில் சதையைக் கிழித்துக் கொன்றுவிடுவதும் உண்டு. உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் புண்ணைக் கழுவி, நீர் சேர்த்து இளக்கிய போவிடோன் அயோடின் தடவலாம். மனிதர்களுக்கான, வலி மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம், திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பின்துவாரத்தில் காயம் என்றால், சதை வெளியே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கும் கோழிக்கும், மிகப் பெரிய முட்டையிடும் கோழிக்கும் முட்டை வந்தபின் உள்சதை சற்று நேரம் வெளியே தெரியும். அந்த ஈரமான சிவப்பைப் பின்னால் நிற்கும் கோழி கொத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் விடைக்கோழிகள் முட்டையிடும் வயதை எட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். முட்டைப் பெட்டி இருட்டாக, ஓரமாக, நான்கைந்து கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

பிரித்து வைத்த கோழி கூட்டத்தைப் பார்க்கும்படி, நடுவில் வலை மட்டும் இருக்கும்படி வையுங்கள். கண்ணில் படாமல் ஒரு வாரம் வைத்தால் திரும்பும்போது அதுவும் புதுக்கோழியாகிவிடும், வரிசையில் மறுபடி கடைசியிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இதுவரை எல்லாரோடும் சரியாக இருந்த கோழியைத் திடீரென்று மற்றவை கொத்த ஆரம்பித்தால், அதற்கு நோய் இருக்கிறதா என்று பாருங்கள். கோழி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியுமுன் கூட்டம் கண்டுபிடித்துவிடும். கைக்கு எடை குறைந்து தெரிகிறதா, கழுத்தடியில் இருக்கும் தீவனப்பை மறுநாள் காலையிலும் காலியாகாமல் இருக்கிறதா, கொண்டை வெளுத்திருக்கிறதா, எச்சம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். எனக்கு முதலில் தோன்றுவது தீவனம். இறகில் பெரும்பங்கு புரதம், அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதிகம். அவற்றில் மெத்தியோனின் குறைந்தால் கோழி இறகைத் தேடிப் போகும். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். நல்ல முட்டைத் தீவனம் வாங்கிப் போடுகிறவர்களும் கூடவே தானியத்தைக் கை நிறைய இறைத்து அந்தக் கணக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வெறும் தானியத்தில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மெத்தியோனின் அதைவிட மோசம். கோழிக்கு அது பிடிக்கிறது என்பதற்காக வயிற்றை அதனாலேயே நிரப்பிவிட்டால் தொட்டியில் இருக்கும் சமச்சீர்த் தீவனம் அப்படியே கிடக்கும். தானியமும் வீட்டு மிச்சமும் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே தீவனம் கலப்பவர் என்றால் உப்பையும் பாருங்கள், சோடியம் குறைவதும் இறகு பிடுங்கவும் ஒன்றையொன்று தின்னவும் தூண்டும். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது, அதிக உப்பு கோழிக்கு நஞ்சு. தீவனத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். சிறு உருளைகளாக அழுத்திய பெல்லட் தீவனத்தைவிட மாவாக இருக்கும் தீவனத்தைத் தின்னக் கோழிக்கு அதிக நேரம் பிடிக்கும், பிடுங்கும் கூட்டத்துக்கு அது நல்லதே.

அடுத்தது அலகுக்கு வேலை. கொட்டகைத் தரை காய்ந்த கூளத்தால் உள்ளங்கை உயரத்துக்கு மூடியிருக்கட்டும். காலையில் தொட்டியை நிரப்பிவிட்டு, அந்தப் பத்தில் ஒரு பங்குத் தானியத்தைக் கூளத்துக்குள் தூவுங்கள். பிற்பகலில் இன்னொரு தரம். கோழி சீய்த்துச் சீய்த்து அதைத் தேடியெடுப்பதில் பொழுது போகும். கீரைக்கட்டையோ கோசையோ அவிழ்க்காமல், கோழி கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடுவது, தொங்கினால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டு வைக்கோலைப் பிரிக்காமல் நடுவில் போட்டால் அதைப் பிரிப்பதே பெரிய வேலை. மண்குளியலுக்கு மழை படாத ஓரிடத்தில் காய்ந்த மண்ணும் மணலும் கொஞ்சம் மரச்சாம்பலும் கலந்து வையுங்கள், பூச்சிக்கும் அது நல்லது. இவற்றை ஒருநாள் செய்து மறுநாள் விட்டால் பயனில்லை. பழக்கம் ஆழமாக ஊன்றாத கூட்டத்தில், விடாமல் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

இடம் போதுமா என்று அளந்து பாருங்கள். பொதுவாகச் சொல்லும் கணக்கு, கொட்டகைக்குள் கோழிக்கு 4 சதுர அடி, வெளியே திரியும் அடைப்பில் 10 சதுர அடி, அடையும் கம்பில் 20 முதல் 25 சென்டிமீட்டர். ஆறுக்குப் போதுமாக இருந்த இடம் எட்டுக்குப் போதாமல் போயிருக்கலாம். எட்டுக் கோழிக்கு உள்ளே 32, வெளியே 80 சதுர அடி ஆகிறது. முடியுமானால் இதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள், இது குறைந்தபட்சம்தான். வெயிலில் நிழல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் கணக்கில் இடம் இருந்தும் எல்லாம் அந்த மூலையில்தான் நெருக்கியடிக்கும். வெளிச்சமும் அப்படித்தான். விளக்குப் போட்டு முட்டை வாங்குகிறவர்கள் பகலோடு சேர்த்து 16 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் மங்கலான விளக்காக இருக்க வேண்டும். பளீரென்ற வெளிச்சமும் வெக்கையும் கொத்தைக் கூட்டும்.

இப்போது விரட்டும் பெட்டை. முதல் வேலையாக இரண்டாவது தீவனத் தொட்டியும் இரண்டாவது தண்ணீரும் வையுங்கள், முதலாவதிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அதனால் காவல் இருக்க முடியாது. அடைப்பின் நடுவே பலகையோ பெட்டியோ கிளைகளோ வைத்து மறைவுகள் ஏற்படுத்துங்கள். விரட்டப்படும் கோழி பார்வையிலிருந்து மறைந்தாலே பாதி விரட்டல் நின்றுவிடும். முட்டுச்சந்து போன்ற மூலை எதுவும் இல்லாமல், எல்லா மறைவுக்கும் இரண்டு பக்க வழி இருக்கட்டும். ஒரே வழி உள்ள மூலையில் மாட்டிக்கொண்ட கோழிதான் பலமாக அடிபடும்.

இதற்கும் அடங்காவிட்டால் விரட்டுகிறதைப் பிரியுங்கள், விரட்டப்படுவதை அல்ல. மூன்று நான்கு நாள், தேவையானால் ஒரு வாரம், கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் தீனி தண்ணீரோடு தனியாக வையுங்கள். அது இல்லாத நாட்களில் வரிசை வேறு மாதிரி அமைந்துவிடும், திரும்பும்போது அதுவே புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். மேலே, காயம்பட்ட கோழியைக் கண்ணெதிரே வைக்கச் சொன்னதற்கு இது நேர்மாறு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அதன் இடத்தைக் காப்பாற்ற வேண்டுமா கலைக்க வேண்டுமா என்பதில்தான் வித்தியாசம்.

விடைக்கோழிகளைப் பொறுத்தவரை, நேரடியாகக் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள் என்று தெரிகிறது. இப்போதும் கெட்டுவிடவில்லை. அடைப்பின் ஒரு பகுதியை வலையால் தடுத்து, இரண்டையும் ஒன்றாக அதற்குள் வையுங்கள். வலையின் இரு பக்கமும் தொட்டிகளை அருகருகே வைத்தால், பார்த்துக்கொண்டே தின்னப் பழகும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து, வலைக்கு அந்தப் பக்கம் சீறிக்கொண்டு வருவது நின்றபின், எல்லாரும் வெளியே திரியும் ஒரு நாளில், நிறையத் தீனியை அகலமாகத் தூவிவிட்டுத் திறந்துவிடுங்கள். அன்று நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். ஓரிரு கொத்து விழத்தான் செய்யும், தலையிடாதீர்கள். ஒன்று தரையோடு படுத்துவிட்டபின்னும் மற்றது மேலே ஏறிக் கொத்துகிறது, ரத்தம் வருகிறது, நாள் முழுக்கத் தின்ன விடவில்லை என்றால் மட்டும் பிரியுங்கள். வெளியிலிருந்து வாங்கும் எந்தக் கோழியையும் இதற்கு முன்பே மூன்று நான்கு வாரம் முற்றிலும் தனியிடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது, நோய் அதோடு வந்துவிடும். குஞ்சுகளை இப்படி விட வேண்டும் என்றால் இன்னும் பொறுங்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது தாய்க்கோழிக்குத்தான், பிற பெட்டைகள் சிறு குஞ்சைக் கொத்தியே கொன்றுவிடும். உடம்பளவில் பெரியவற்றை நெருங்கும்வரை வலைக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும்.

அலகின் நுனியை வெட்டிவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அலகின் நுனி நரம்புகள் நிறைந்த, உணர்ச்சியுள்ள உறுப்பு. சூட்டுக்கத்தியால் வெட்டினால் வலி நெடுநாள் நீடிக்கக்கூடும். நார்வே 1974-லும் பின்லாந்து 1986-லும் ஸ்வீடன் 1988-லும் இதைத் தடை செய்துவிட்டன. ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளே இது இல்லாமல் நடக்கும்போது எட்டுக் கோழிக்கு இது தேவையே இல்லை. முன்பார்வையை மறைக்க மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் மறைப்பான்களும் உண்டு. மூக்கின் நடுத்தடுப்பைத் துளைத்து மாட்டும் வகையைத் தொடவே தொடாதீர்கள். துளைக்காமல் மாட்டும் வகை ரத்தக்களரியை நிறுத்தத் தற்காலிகமாக உதவலாம், ஆனால் கொத்த வைத்த காரணம் அப்படியே இருக்கும். மொட்டை முதுகுக்குத் துணிக் கவசம் கட்டுவது அவற்றைவிட மேல். அதற்கடியில் பேன் சேராமல் அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் ஒரே ஒரு கோழி பிடுங்குவதை விடவில்லை என்றால் அதைக் கூட்டத்திலிருந்து நிரந்தரமாக எடுப்பதுதான் சரி. இறகு தின்னும் பழக்கம் ஊன்றிவிட்ட கோழி பெரும்பாலும் மாறாது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நல்ல முட்டைக்கோழி என்று தயங்கிக்கொண்டிருந்தால் மூன்று கோழி பிடுங்கத் தொடங்கியிருக்கும். அந்த முடிவை எடுக்குமுன், குற்றவாளி அதுதானா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாக் கோழிக்கும் வால் குறைந்திருக்க, ஒன்று மட்டும் முழு இறகோடு பளபளவென்று திரிந்தால் அதன் மேல் கண் வையுங்கள்.

மொட்டைக் கோழிக்கு எப்போது இறகு வரும் என்றும் அடுத்துக் கேட்பீர்கள். வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களில் முளை வரும். தண்டு ஒடிந்து உள்ளேயே நிற்கும் இடத்தில், அடுத்த இறகுதிர்ப்பில் அந்தத் தண்டு விழும்வரை புதியது வராது. அதனால் முதுகு இன்னும் மொட்டையாக இருக்கிறதே என்று பார்த்து, செய்தது பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். புது முளைகளில் ரத்தம் ஓடும், மற்றக் கோழிகளுக்கு அதன் மேல்தான் ஆசை அதிகம். வாரம் ஒருமுறை கையில் எடுத்து, அந்த முளைகள் ஒடியாமல் நீள்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நீண்டு நுனி விரிந்தால் கொத்து நின்றுவிட்டது. அதற்குப் பின்னும் ஒரு மாதமாவது தூவுவதையும் தொங்கவிடுவதையும் நிறுத்த வேண்டாம்.